கொச்சியில் கப்பல் நிற்கும் பகல்: ஆட்டோவில் ஒரு சுற்று

பயணிக் கப்பல்கள் கொச்சியில் கரையணையும் இடம் வில்லிங்டன் தீவு. நீங்கள் பார்க்க வந்த ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் தண்ணீருக்கு அந்தப் பக்கம், மேல்தளத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சாலை வழியாகப் போவதென்றால் தீவில் தெற்கே இறங்கி, தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். கொச்சி வெயிலில் அது நடக்கிற தூரமல்ல.

தீவே மனிதர் கையால் விரிந்தது என்பதை இறங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டைத் தோண்டிக் கப்பல் வரும் ஆழத்துக்கு வழி செய்தார். தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி நிலமாக்கினார்கள். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்து பின்னர் வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். தீவில் கடற்படைக்குச் சொந்தமான இடங்கள் நிறைய. அந்த வேலிகள் தெரியும்போது கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

ஊர் சுற்ற உங்களுக்கு மூன்று வழிகள். ஒன்று, கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா. விலை அதிகம், ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். ‘டுக்-டுக் டூர்’ என்று கப்பலில் விற்கப்படுவதும் வாசலில் நிற்கும் இதே ஆட்டோதான். இரண்டாவது, டாக்ஸி. நாலைந்து பேர் இருந்தாலோ, ஏசி இல்லாமல் முடியாத பெரியவர்கள் உடன் இருந்தாலோ அதையே எடுங்கள். மூன்றாவது, நீங்களே பேசி அமர்த்தும் ஆட்டோ. மூன்று பேர் வரை இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றும் லாரிகள் பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றுலாப் பேருந்து தூரத்திலேயே நின்றுவிடும், கார் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், ஆட்டோ சந்துக்குள் திரும்பிப் போய்விடும்.

கடிகாரமும் கிழமையும்

கொச்சி நாளைக் கெடுப்பது பெரும்பாலும் ஆட்டோக்காரர் அல்ல, கடிகாரம். கப்பல் எட்டு மணிக்குக் கரையணைந்தால் நீங்கள் வெளியே வர ஒன்பது ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலாக இருந்தால் குடியேற்றச் சோதனையும் சேரும். ஒன்பதரை என்று கணக்குப் போடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள், ஒரு பகல் மட்டும் இறங்குவதாக இருந்தாலும் இந்திய விசா வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்க வேண்டும். மும்பையிலிருந்து வரும் உள்நாட்டுக் கப்பலில் இந்தத் தொல்லை இல்லை. ஆதாரும் கப்பல் அட்டையும் கையில் இருந்தால் போதும். இரண்டும் இல்லாமல் துறைமுக வாசலைத் திரும்பக் கடக்க முடியாது.

அடுத்தது கப்பல் நேரம். சில கப்பல்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல் அந்த ஊர் நேரத்திலேயே ஓடினால், ‘நான்கரைக்குள் ஏறுங்கள்’ என்ற அறிவிப்புக்குக் கொச்சியில் இரண்டு மணி என்று பொருள். உங்கள் கைப்பேசியோ கரையின் சிக்னலைப் பிடித்ததும் தானாக இந்திய நேரத்துக்கு மாறிவிடும். இறங்கும் முன் கப்பல் ஊழியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக ஏறும் நேரம் கொச்சி நேரப்படி எத்தனை மணி? அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாசலில் இருப்பது என்று முடிவு செய்துவிட்டு, மீதி நேரத்தை மட்டும் ஊருக்குக் கொடுங்கள். தோப்பும்படிச் சந்திப்பில் மாலையில் வண்டிகள் தேங்கும். அந்த ஒன்றரை மணி அதற்காக.

கிழமை இன்னும் முக்கியம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். யூதர்களின் ஜெப ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனி முழுவதும் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாள்களிலும் அப்படியே. மற்ற நாள்களிலும் அது நண்பகலுக்குப் பின் இரண்டு மணி நேரம்போல் சாத்தப்படும். ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். ஆகவே வெள்ளியன்று கப்பல் வந்தால் நேராக ஜெப ஆலயத்துக்குப் போங்கள். சனியன்று அரண்மனையை நிதானமாகப் பாருங்கள். ஞாயிறென்றால் தேவாலயங்களைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். இதை ஆட்டோக்காரர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். சிலர் சொல்வார்கள், சிலர் மூடிய கதவு வரை கூட்டிப்போய், ‘அடடா, இன்று வெள்ளியா’ என்பார்கள். முந்தைய இரவு ‘ஹர்த்தால்’ என்ற சொல் செய்தியில் அடிபடுகிறதா என்றும் பாருங்கள். கேரளத்தில் அது வந்தால் ஆட்டோவும் ஓடாது, கடையும் திறக்காது. அன்று கப்பலின் சுற்றுலாவை நம்புவதே மேல்.

பேரம்

வாசலுக்கு வெளியே காக்கிச் சட்டைகள் உங்களைச் சூழும். முதல் ஆளிடம் சரி என்று சொல்லிவிடாமல் பத்தடி நடந்து மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தமிழ் புரியும், பலர் சரளமாகவே பேசுவார்கள். ‘சேட்டா’ என்று கூப்பிடுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கினால் வெளிநாட்டுப் பயணி விலைதான் வரும்.

நியாயமான விலை எது என்பதற்கு மீட்டரிலிருந்தே கணக்குப் போடலாம். கேரள அரசு 2022இல் நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 15 ரூபாய். நீங்கள் போகும் சுற்று, திரும்பி வருவது உட்பட, 20 முதல் 25 கிலோமீட்டர். மீட்டர்படி ஓட்டத்துக்கு ஏறக்குறைய 310 முதல் 380 ரூபாய் வரும். ஆனால் அந்த மனிதர் நான்கைந்து மணி நேரம் வேறு சவாரி எடுக்காமல் உங்களுக்காக நிற்கப் போகிறார். ஆகவே மீட்டர் கணக்கின் இரண்டு, மூன்று மடங்கு கேட்டால் அது கொள்ளை அல்ல. ஐந்து மடங்கு கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகருங்கள். கட்டணத்தைப் பின்னர் திருத்தியிருந்தால் அடிப்படை எண்ணை மாற்றி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

மாறாக, ஒருவர் மிக மலிவாகக் கேட்டால்தான் உஷாராக வேண்டும். ‘நூறு ரூபாய் கொடுங்கள், ஊரையே சுற்றிக் காட்டுகிறேன்’ என்பவர் தர்மம் செய்யவில்லை. ஜமக்காளம், காஷ்மீர் சால்வை, நகை விற்கும் பெரிய கடைகள், பயணியை வாசலில் இறக்கிவிட்டாலே ஓட்டுநருக்குப் பெட்ரோலுக்கோ கைச்செலவுக்கோ ஏதாவது கொடுக்கும். நீங்கள் வாங்கினால் அதில் பங்கு தனி. ‘வாங்க வேண்டாம், பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று அவர் கெஞ்சுவதன் காரணம் இதுதான். பத்து நிமிடம் அரை மணியாகும். அப்படி மூன்று கடை ஏறினால் அரண்மனை போச்சு. அந்தக் கடைகளில் விற்கும் காஷ்மீர்ப் பொருளுக்கும் கொச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. பயணியிடம் குறைவாக வாங்கினால் வேறெங்காவதுதானே அவர் ஈடுகட்ட வேண்டும்? முழு விலை கொடுங்கள், கடை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தை மதிக்காதவர்கள் குறைவு.

வண்டியில் ஏறும் முன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: ‘சேட்டா, மட்டாஞ்சேரி அரண்மனை, ஜூ டவுன், டோபி கானா, ஃபோர்ட் கொச்சி. நாலரை மணி நேரம். கடை வேண்டாம். ரெண்டு மணிக்கு இதே வாசலில் இறக்கிவிடணும். ஆள் கணக்கு இல்லை, வண்டிக்கு மொத்தம் எவ்வளவு?’ கடைசிக் கேள்வியில் ‘வண்டிக்கு’ என்பதை அழுத்துங்கள். இறங்கும்போது ‘அது ஒரு ஆளுக்கு’ என்று கணக்கு மாறுவது கொச்சியில் மட்டும் நடப்பதல்ல. பணம் முழுவதையும் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். வண்டியின் பதிவு எண் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூ டவுன் சந்தில் வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி வண்டிகளில் உங்களுடையதைக் கண்டுபிடிக்க அது உதவும்.

முதலில் மட்டாஞ்சேரி

பேருந்துக் கூட்டம் பெரும்பாலும் ஃபோர்ட் கொச்சியிலிருந்து தொடங்கும். நீங்கள் எதிர்த்திசையில் போங்கள். பத்து மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் இருந்தால் கூட்டம் வருவதற்குள் உள்ளே போய் வந்துவிடலாம்.

டச்சு அரண்மனை என்று எல்லோரும் சொன்னாலும் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஒரு கோயிலைக் கொள்ளையிட்டதற்கு ஈடாக 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. 1663இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. சிலர் அதைப் பார்த்துவிட்டே திரும்பிவிடுவார்கள். அவர்கள் இழப்பது பள்ளியறைச் சுவர்களை. தரையிலிருந்து உத்தரம் வரை இராமாயணம், ஓர் அங்குலம் வெற்றிடம் இல்லாமல், காவியும் பச்சையும் மஞ்சளுமாக நெருக்கியடித்து நிற்கிறது. உருவங்களின் கண்ணும் கிரீடமும் கதகளி வேடத்தை நினைவூட்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்த நெரிசல் பிடிபட நேரம் எடுக்கும். ஒரு மூலையில் நின்று ஒரே சுவரை ஐந்து நிமிடம் பாருங்கள், கதை தானாகப் பிரிந்து வரும். உள்ளே படம் எடுக்கத் தடை. நுழைவுக் கட்டணம் மிகச் சிறியது. மன்னர்களின் பல்லக்குகள், உருவப்படங்கள் உள்ள அறைகளை வேகமாகக் கடக்கலாம்.

அரண்மனையிலிருந்து, யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுன் நடக்கும் தூரம். இங்கே ஆட்டோவில் ஏற வேண்டாம்; வண்டியை மறுமுனைக்கு வரச் சொல்லிவிடுங்கள். தெருவின் கோடியில் இருக்கிறது பரதேசி ஜெப ஆலயம். 1568இல் கட்டப்பட்டது. மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலுக்கும் ஜெப ஆலயத்துக்கும் இடையே இருப்பது ஒரே சுவர். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலே பெல்ஜியத்துக் கண்ணாடி விளக்குகள். 1968இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இஸ்ரேல் நாடு உருவான பிறகு இங்கிருந்த யூதக் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே குடிபெயர்ந்துவிட்டன. இப்போது தெருவில் எஞ்சியிருப்பவை பெயர்ப்பலகைகளும் கடைகளும். கையில்லாத சட்டை, முழங்காலுக்கு மேல் ஏறிய கால்சட்டை போட்டிருந்தால் உள்ளே விடுவதில்லை.

மசாலாப் பொருள் வாங்குவதென்றால் இந்தத் தெருவில் வாங்கலாம். ஆனால் முதல் கடையில் வேண்டாம். மிளகு, ஏலக்காய், கிராம்பு ஆகியவற்றை அழகுப் பையில் கட்டி வைத்திருப்பதைவிட எடை போட்டுக் கொடுக்கும் கடையில் விலை குறைவாக இருக்கும். பழம்பொருள் கடைகளில் தொங்கும் பித்தளை விளக்குகளும் மரச் சிற்பங்களும் பெரும்பாலும் கேரளத்தவை அல்ல. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த தூண்களும் கதவுகளும் அவற்றில் உண்டு. காரைக்குடிப் பக்கத்து வாசகர் யாராவது தம் ஊர் வாசற்கதவை இங்கே பார்த்துத் திடுக்கிட நேரலாம்.

டோபி கானா

இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பல சுற்றுகளில் இது விடுபட்டுவிடும். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள். பேசுவது தமிழ். பல தலைமுறை மலையாளக் காற்று பட்ட தமிழ். எல்லோரும் ஒரே குளத்தில் துவைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தொட்டியும் கல்லும் உள்ள தனித் தடுப்பு. கஞ்சி போடுகிறார்கள். காயப் போடும் கயிறு இரண்டு புரியாக முறுக்கியது. துணியின் நுனியை அந்த முறுக்குக்குள் செருகிவிடுகிறார்கள், கிளிப்பே இல்லை. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் பறப்பதில்லை. பழைய இஸ்திரிப் பெட்டிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரி.

வேலை மும்முரம் காலையில்தான். பன்னிரண்டுக்குள் போனால் நல்லது. உள்ளே போய் ‘வணக்கம்ணே’ என்று தமிழில் சொன்னால் வேலையை நிறுத்தாமலேயே பேச்சுக் கொடுப்பார்கள். எந்த ஊர் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம். இது கண்காட்சி அல்ல, அவர்களுடைய பட்டறை. நன்கொடைப் பெட்டி வைத்திருந்தால் பணம் போடலாம், யாரும் கை நீட்ட மாட்டார்கள். கொச்சிச் சுற்றில் தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல இருபது நிமிடம் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஃபோர்ட் கொச்சி: இறங்கி நடக்க

இங்கே இடத்துக்கு இடம் ஆட்டோவில் ஏறி இறங்குவது வீண். பரேடு மைதானத்தின் அருகே நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் நடந்தால் எல்லாம் முடிந்துவிடும். பெரிய மழைமரங்கள் வழியெல்லாம் குடை பிடிக்கும்.

மைதானத்தை ஒட்டியே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் மரத்தால் எழுப்பி, பிறகு கல்லால் கட்டியது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஆகவே கூட்டம் சூழ்ந்து நிற்கும் அந்தக் கல்லறை காலி. மேலே தொங்கும் துணி விசிறியைப் பாருங்கள். வெளியே உட்கார்ந்து ஓர் ஆள் கயிற்றை இழுத்த காலத்தின் மிச்சம் அது. இங்கிருந்து சாந்தாகுரூஸ் பேராலயத்துக்கு ஐந்து நிமிட நடை. பழைய கட்டடத்தை 1795க்குப் பின் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1905 நவம்பரில் திருநிலைப்படுத்தப்பட்டது. உள்ளே ஓவியங்களைத் தீட்டிய இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி அந்த விழாவைக் காணாமல், அதே நவம்பரில் இறந்துபோனார். டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், கம்பி வழியாகப் பார்த்துவிட்டு நகரலாம்.

சீன வலைகள் கடைசியில். பத்து மீட்டருக்குக் குறையாத உயரத்தில் தேக்கு, மூங்கில் சட்டம். ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கும் கற்கள். எடைகளின் சமன் அவ்வளவு நுணுக்கம். நடு மரத்தின் மேல் ஓர் ஆள் நடந்து போனாலே வலை தண்ணீருக்குள் இறங்கும். தூக்குவதற்கு நாலைந்து பேர் கயிறு இழுக்க வேண்டும். ‘வாங்க, நீங்களும் இழுங்க’ என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் பணம் எதிர்பார்ப்பார்கள். ஐம்பதோ நூறோ கொடுப்பதில் தவறில்லை. இப்போது அவர்களுக்கு மீனைவிட அதுதான் வருமானம்.

பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கி, அருகிலுள்ள உணவகத்தில் சமைக்கச் சொல்லலாம். மீன் விலை கிலோவுக்கா, ஒன்றுக்கா என்றும் சமையற்கூலி எவ்வளவு என்றும் முதலிலேயே கேளுங்கள். அங்கே காட்டும் மீன் எல்லாம் அந்த வலையில் விழுந்தது என்று நம்ப வேண்டியதில்லை. எனக்கென்றால் மட்டாஞ்சேரியில் காயிக்கா கடை பிரியாணிதான் மதிய உணவு. பிற்பகல் ஆனால் தீர்ந்துவிடும் என்பதால் டோபி கானாவுக்கு முன்போ பின்போ அதை முடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டோக்காரரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டு மறுப்பார்கள், மீதிப் பேர் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள்.

திரும்பும் வழியில்

வைப்பீன் கரைக்குப் படகில் போய் வரலாம், செராய் கடற்கரை பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அவை கொச்சியில் இரவு தங்குபவர்களுக்கு. எல்லாம் முன்னதாகவே முடிந்து நேரம் மிஞ்சினால் பிரின்சஸ் தெருவில் ஒரு காபி. டிசம்பர் முதல் வசந்தம் வரை கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால் ஆஸ்பின்வால் மாளிகைக்குள் ஒரு எட்டு வைக்கலாம்.

சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வண்டி கிளம்பட்டும். பணத்தைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்குத் தவறாதவருக்குப் பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். அவர் கடைக் காசை விட்டுக்கொடுத்துத்தான் உங்களோடு நின்றார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் டயர் பஞ்சராகலாம், பாலத்தில் லாரி நிற்கலாம். கப்பலில் தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்து ஏஜெண்டின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். காலையில் இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் உங்களை அடுத்த துறைமுகத்துக்கு அனுப்ப உதவக்கூடியவர் அவர் ஒருவர்தான். செலவு உங்களுடையது.